இரவல் நோய்

எமது பேத்தி உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். சென்ற மாதம் ஒருநாள் மாலை, முற்றத்து மாமரத்தின் கீழ் நாற்காலியைப் போட்டுப் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தோம். கையிற் புத்தகத்துடன் வந்து எமக்கு முன்னால் நின்றாள். முகத்திற் கோபம் தெரிந்தது.

“அம்மப்பா, சுகமாயிருக்கிற எலியின்ரை மூளைக்குள்ளை ஊசி போட்டு, மனிசரின்ரை பரம்பரை வருத்தத்தை அதுக்குக் குடுக்கினமாம். அதுக்கு வைரசைப் பிடிச்சுப் பாவிக்கினமாம். இது என்ன ஞாயம்?”

முப்பது வருடங்களுக்கு மேலாக விஞ்ஞானம் படிப்பித்த எம்மிடம் இதற்கு உடனே ஒரு விடை இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. அவள் கேட்ட மாத்திரத்தில் எமது மனத்தில் எலி வரவில்லை. ஒரு மனிதரின் கைதான் வந்தது.

1950களின் நடுப்பகுதியில், நாம் சிறுவராக இருந்தபோது, எமது ஒழுங்கையின் முடிவில் ஓர் ஆசாரியார் குடியிருந்தார். கோயில் வாகனங்கள் செய்வதிற் பெயர் பெற்றவர். குதிரை வாகனத்தின் கழுத்து வளைவை அவர் உளியால் எடுத்துவரும் நேர்த்தியைப் பார்க்க வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். நாற்பது வயதைத் தாண்டியதும் அந்தக் கை அவர் சொற்கேளாமற் போயிற்று. முதலில் விரல்கள் தாமாகத் துடித்தன. பின்பு தோள் குலுங்கிற்று. நடந்தால், கள்ளுக் குடித்தவரைப்போலக் கால்கள் கண்ட இடத்திற் போய் விழுந்தன. அவர் குடிப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் ஒழுங்கைப் பிள்ளைகள் அவருக்குப் பின்னால் அந்த நடையை நடந்து காட்டிச் சிரித்துக்கொண்டு போவார்கள். நாமும் அவர்களில் ஒருவர். அதை எழுதாமல் விடுவது நேர்மையன்று.

வாகனத்துக்குக் கண் திறக்கும்போது விரதம் பிழைத்துவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். செய்வினை என்றார்கள் வேறு சிலர். அவருடைய தகப்பனாரும் இப்படித்தான் ஆடி ஆடிச் செத்தார் என்று ஒரு கிழவி மட்டும் சொன்னாள். அவள் சொன்னதை எவரும் காதில் வாங்கவில்லை.

ஆசாரியாரின் மகன் எமது வகுப்புத் தோழர். மகள் அவருக்கு மூன்று வயது இளையவர். 1973 ஆம் ஆண்டு, தகப்பனார் இறந்த பின்பு, அந்தப் பெண்ணுக்கு அயலூரில் ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய தரகர் எம்மிடம் வந்தார். படித்தவர், பொய் சொல்லமாட்டார் என்று எவரோ சொல்லியிருக்கவேண்டும். “தேப்பனுக்கு ஏதோ வருத்தம் இருந்ததாமே, பரம்பரை வருத்தமோ?” என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அதுவே உண்மை. நாமோ சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதை எப்படிச் சொல்வது என்று இழுத்தோம். தரகருக்கு அந்த இழுவை போதுமாயிருந்தது. சம்பந்தம் முறிந்தது. அதன் பின்பு அந்தப் படலையைத் திறந்துகொண்டு வேறு தரகர் எவரும் வரவில்லை.

இரண்டு வருடங்களின் பின்பு தோழருக்குக் கலியாணம் நடந்தது. அவரைப் பற்றி எவரும் எம்மிடம் வந்து விசாரிக்கவில்லை. ஆண்பிள்ளை, தபாற் கந்தோரில் அரசாங்க உத்தியோகம், வேறென்ன வேண்டும்? 1988 இல் அவருடைய கையெழுத்துக் கோணத் தொடங்கிற்று. பதினாறு வருடங்கள் கழித்து இறந்தார். அவருடைய மகன் கனடாவுக்குப் போய், அங்கே இரத்தத்தைச் சோதிப்பித்தபோதுதான் அந்த வருத்தத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது: ஹன்ரிங்டன் நோய். மகனுக்கும் அது உண்டு என்பதும் அன்றே தெரிந்தது.

பேத்தியை உட்காரச் சொல்லி, இவற்றுள் ஒரு பகுதியைச் சொன்னோம். தரகர் வந்த கதையைச் சொல்லவில்லை. பின்பு இருவருமாகச் சில நாட்கள் இந்த விடயத்தைத் தேடிப் படித்தோம்.

ஜோர்ஜ் ஹன்ரிங்டன் என்ற அமெரிக்க வைத்தியர் 1872 இல் இந்நோயைப் பற்றி எழுதியபோது அவருக்கு வயது 22. லோங் ஐலன்ட் தீவின் ஈஸ்ட் ஹம்ப்டன் ஊரில் அவருடைய பாட்டனாரும் தகப்பனாரும் வைத்தியர்களாக இருந்தவர்கள். மூன்று தலைமுறை வைத்தியர்கள் அதே குடும்பங்களின் தலைமுறைகளைப் பார்த்து வந்தபடியாற்றான், இது பெற்றாரிலிருந்து பிள்ளைக்கு இறங்குவது என்பதையும், ஒரு பிள்ளை தப்பிவிட்டால் அப்பிள்ளையின் சந்ததி முழுவதும் தப்பிவிடும் என்பதையும் அந்த இளைஞரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. எங்கள் ஊர்க் கிழவியிடம் இருந்த சாட்சியமும் இதுவே. அவளுக்குப் பத்திரிகை இருக்கவில்லை.

நோயுற்ற தாய் அல்லது தகப்பனின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கு உள்ள வாய்ப்புச் சரிபாதி. காசைச் சுண்டிப் பார்ப்பது போன்றது. அந்த வீட்டில் இரண்டு முறை காசு சுண்டப்பட்டது. மகனுக்கு ஒருவிதமாகவும் மகளுக்கு வேறுவிதமாகவும் விழுந்தது. நோயைத் தாங்கியவருக்குக் கலியாணம் நடந்தது. நோய் அண்டாதவர் தனியே இருந்தார்.

இதற்குக் காரணமான பரம்பரையலகைத் தேடிய கதை ஒரு தனிக் கட்டுரைக்கு உரியது. தாயை 1978 இல் இந்நோய்க்குப் பறிகொடுத்த நான்சி வெக்ஸ்லர் என்ற அம்மையார், வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிக்கரையில் இந்நோய் மலிந்த குடும்பங்களிடையே வருடந்தோறும் சென்று இரத்த மாதிரிகள் சேகரித்தார். அந்த அலகு நான்காவது நிறமூர்த்தத்தில் இருப்பது 1983 இல் தெரிந்தது. அதைக் கையிற் பிடிக்க மேலும் பத்து வருடங்கள் சென்றன. 1993 இற் பிடித்துப் பார்த்தபோது, பிழை வெகு சிறியது. சி, ஏ, ஜி என்ற மூன்று எழுத்துகள் அந்த அலகின் தொடக்கத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. சாதாரண மனிதரில் அவை இருபதை ஒட்டிய தடவைகள் வரும். நாற்பதை எட்டிவிட்டால், ஆயுள் இருந்தால் நோய் வந்தே தீரும். எமது தோழரின் மகனுக்கு 43. சகல பரம்பரையையும் ஆட்டிவைப்பது இந்த ஒரு சொல்லின் திக்குவாய்தான். வெக்ஸ்லர் அம்மையாரும் தப்பவில்லை. தமக்கும் அந்நோய் உண்டென்பதை 2020 இல் வெளிப்படச் சொன்னார்.

“பிழை தெரிஞ்சிட்டுதுதானே, பிறகேன் எலி?” என்று பேத்தி கேட்டாள்.

நல்ல கேள்வி. பிழையைத் தெரிந்துகொள்வது ஒன்று. அந்தப் பிழை நாற்பது வருடங்களாக என்ன செய்கிறது என்று தெரிவது வேறொன்று. உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. இறந்தபின் பார்ப்பது எரிந்து முடிந்த வீட்டின் சாம்பலைக் கிளறுவது போன்றது. நெருப்பு எந்த அறையிற் பிடித்தது என்று அது சொல்லாது. எலிக்கோ குரங்குக்கோ இந்த நோய் இயற்கையில் வருவதுமில்லை. ஆகவே அதை உண்டாக்கிப் பார்க்கவேண்டிய நிலை வந்தது. முன்னர், 1976 அளவில், நஞ்சை ஊசியால் ஏற்றி, மூளையில் அசைவை ஆளும் ஸ்ட்ரையேற்றம் என்ற பகுதியின் நரம்புக்கலங்களைக் கொன்று பார்த்தார்கள். விளைவு நோயைப் போலிருந்தது, காரணம் வேறாயிருந்தது. 1996 இல் லண்டனில் ஜிலியன் பேற்ஸ் என்பாரின் குழுவினர் மனித அலகின் பிழையுள்ள முற்பகுதியைச் சுண்டெலியின் பரம்பரையிலேயே சேர்த்தார்கள். அச்சுண்டெலிகள் சில வாரங்களில் நடுங்கத் தொடங்கிச் சில மாதங்களில் இறந்தன. ஆனால் அவ்வாறு ஒரு வர்க்கத்தை உண்டாக்க நெடுங்காலம் வேண்டும். உடலின் எல்லாக் கலங்களிலும் பிழை பிறப்பிலிருந்தே இருக்கும். வளர்ந்த பிராணியில், வேண்டிய இடத்தில், வேண்டிய நாளில் நோயைத் தொடக்கிவைக்க ஒரு வழி தேவைப்பட்டது. அந்த வழிதான் வைரசு.

தோழர் தபாற்காரர் என்பதாலோ என்னவோ, எமக்கு இது கடித உறையாகவே தோன்றுகிறது. வைரசு என்பது, கலத்தின் கதவைத் திறந்து உள்ளே போகத் தெரிந்த ஓர் உறை. உள்ளே அதன் சொந்தக் கடிதம் இருக்கிறது. அந்தக் கடிதத்தை எடுத்து வீசிவிட்டு எமது கடிதத்தை வைத்து ஒட்டினால், வைரசு தன் இயல்பின்படி அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். பெருகமாட்டாது, பரவமாட்டாது. இதையே வைரசுக் காவி என்கிறார்கள்.

நரம்புக்கலங்கள் பெரும்பாலும் பிரிவதில்லை. முன்னைய காவிகளுட் பல, பிரியும் கலத்தினுள் மட்டுமே வேலை செய்பவை. மூளையின் வாசலில் அவை நின்றுவிட்டன. பிரியாத கலத்தினுள்ளும் புகத் தெரிந்த வைரசு ஒன்று இருந்தது. அது எயிட்ஸ் நோயின் வைரசு. 1996 இல் கலிபோர்னியாவின் சோல்க் நிலையத்தில் நால்தினி முதலானோர் அதன் கொடுமைகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, வெறும் உறையாக்கி, எலியின் மூளையிற் செலுத்திக் காட்டினர். உலகம் நடுங்கிய கிருமியைத் தபாற்காரனாக்கிய அந்தத் துணிவை எண்ணும்போது இன்றும் எமக்கு வியப்பு நீங்குவதில்லை.

இன்னொரு காவி, அடினோ துணைவைரசு. 1965 இல் வேறொரு வைரசின் கலவையில் ஒட்டிக்கொண்டிருந்த அழுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. தானாக எந்த நோயையும் உண்டாக்குவதாக அறியப்படாத சாது. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஏறக்குறைய 40,000 ஐ வரிசையாக அடுக்கலாம். ஆனால் உறை மிகச் சிறிது; 4,700 எழுத்துகள் அளவே கொள்ளும். ஹன்ரிங்டன் புரதத்தை எழுதவோ 9,400 எழுத்துகளுக்கு மேல் வேண்டும். அதனாற் கடிதம் முழுவதையும் வைக்க முடியாது. திக்கும் சொல் உள்ள முதற்பக்கத்தை மட்டும் கிழித்து வைக்கவேண்டியதுதான்.

2002 இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத்துக் குழுவினர், பெரிய உறையான எயிட்ஸ் காவியைக் கொண்டு செய்த பரிசோதனையை நாம் இருவரும் கவனமாகப் படித்தோம். இத்தகைய வேலையில் எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, அதன் தலை அசையாதபடி ஒரு சட்டத்திற் பொருத்துவார்கள். மண்டையோட்டில் ஊசி நுழையுமளவு துளையிட்டு, அளந்த ஆழத்துக்கு ஊசியை இறக்கி, ஒரு துளியிலும் குறைந்த திரவத்தை மெல்ல மெல்ல விடுவார்கள். லோசானில் 19 தடவைகள் வரும் சரியான அலகையும், 44, 66, 82 தடவைகள் வரும் பிழையான அலகுகளையும் தனித்தனியே ஏற்றினார்கள். ஊசி ஒன்று, உறை ஒன்று. கடிதம் மாத்திரம் வேறு. பிழையான கடிதம் போன இடத்தில் முதலிற் புரதம் கட்டி கட்டியாகத் திரண்டது. பின்பு கலங்கள் தமக்குரிய தொழிலடையாளத்தை இழந்தன. பின்பு இறந்தன. இவையெல்லாம் பன்னிரண்டு வாரங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. தொடர் நீளமாகவும் துண்டு குறுகியதாகவும் இருந்தபோது அழிவு விரைந்து வந்தது. எமது ஆசாரியாரின் மூளையில் எவரும் காணாமல் வருடக்கணக்கில் நடந்தது, அங்கே வரிசை தெரிய நடந்தது.

பாக்கின்சன் நோயின் பரம்பரை வகைக்கும் இதே வழியை அதே ஆண்டில் சுவீடனின் லுண்ட் நகரத்தார் கையாண்டனர். அங்கே எலி மூளையின் கரும்பகுதியில் நூற்றுக்கு 30 முதல் 80 வரையான கலங்கள் அழிந்தன. மிகுதியாக அழிந்த எலிகளே அசைவிற் குறை காட்டின. மூளை எவ்வளவு இழப்பை வெளியே தெரியாமற் பொறுத்துக்கொள்கிறது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

இப்பரிசோதனைகளைப் பரம்பரை நோயின் மாதிரி என்று அழைக்கிறார்கள். அப்பெயரில் எமக்கு ஒரு மனக்குறை உண்டு. ஊசி போட்ட எலி ஈன்ற குட்டிக்கு அந்த நோய் இறங்குவதில்லை. கடிதம் மூளையில் ஒரு மூலைக்குப் போயிற்றேயன்றிக் கருவுக்குப் போகவில்லை. பரம்பரை நோயிலிருந்து பரம்பரையைக் கழித்தால் எஞ்சுவதே எலிக்குக் கொடுக்கப்படுகிறது. நாற்பது வருடக் காத்திருப்பு அதற்கு இல்லை, தகப்பனின் நடையைப் பார்த்துத் தன் விரலைத் தானே உற்றுப் பார்க்கும் அச்சம் இல்லை, தரகர் இல்லை. அத்தோடு, மனிதக் கலத்தில் ஊற்றாகக் கசியும் புரதம் எலியின் கலத்தில் வெள்ளமாகப் பாய்கிறது. இது நோயின் முழு உருவமன்று. அவசரத்திற் கீறிய படம்.

அந்தக் குறையைப் போக்க நினைத்தோ என்னவோ, அமெரிக்காவின் அற்லான்ரா நகரில், எமொரிப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் காவியை மூளைக்கன்றிக் குரங்கின் கருமுட்டைக்கே செலுத்தினர். பிழையுள்ள மனித அலகோடு ஐந்து குரங்குக் குட்டிகள் பிறந்த செய்தி 2008 இல் வெளியாயிற்று. சில ஒரு மாதமும் வாழவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பேத்தி புத்தகத்தை மூடிவைத்தாள். நாமும் திறக்கச் சொல்லவில்லை. எலியைப் பற்றி அவளோடு வாதாட எம்மிடம் நியாயங்கள் இருந்தன. பிறக்கும்போதே நடுக்கத்தோடு பிறக்கும்படி படைக்கப்பட்ட அந்தக் குட்டிகளுக்காக வாதாட எமக்கு வாய் வரவில்லை.

ஆயினும் கதை அங்கே நிற்கவில்லை. 2000 இல் நியூ யோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார், பிழையான அலகை வேண்டியபோது நிறுத்தக்கூடிய ஒரு சுண்டெலி வர்க்கத்தை உண்டாக்கியிருந்தனர். குடிதண்ணீரில் ஒரு மருந்தைக் கலந்து அலகை நிறுத்தியபோது, மூளையிலிருந்த கட்டிகள் கரைந்தன, அசைவும் திருந்திற்று. போனது போனதுதான் என்று எண்ணியிருந்த வைத்திய உலகுக்கு இது புதிது. 2005 இல் ஐயோவாவில், அடினோ துணைவைரசின் உறைக்குள், பிழையான அலகின் வாயை அடைக்கும் கட்டளை ஒன்றை வைத்து நோயுற்ற சுண்டெலிகளுக்குச் செலுத்தினர், நடை திருந்திற்று. நோயைக் கொண்டுபோகப் பழகிய உறையே மருந்தையும் கொண்டு போயிற்று.

2020 இல் அவ்வழியான மருந்து முதன்முதலாக மனித மூளைக்குச் செலுத்தப்பட்டது. உயர்ந்த அளவு பெற்றவர்களில் மூன்று வருடங்களில் நோயின் வேகம் நூற்றுக்கு 75 பங்கு குறைந்ததாக, அதைச் செய்த யூனிக்கியூர் நிறுவனம் 2025 செப்டெம்பரில் அறிவித்தது. மூன்று வருடங்கள் பார்க்கப்பட்டவர்கள் பன்னிருவரே. ஒப்பீடும் வெளியே இருந்த நோயாளரின் பதிவுகளோடுதான். அந்த ஒப்பீட்டை அமெரிக்க மருந்து அதிகாரிகள் போதுமானதாகக் கொள்ளவில்லை என்று அதே நிறுவனம் நவம்பரிற் சொல்லவேண்டி வந்தது. எலியிற் பலித்தது மனிதரிற் பலிக்கும் என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. எலிகளில் நம்பிக்கை தந்த வேறொரு வகை மருந்தின் பெரும் பரிசோதனை 2021 இற் பாதியில் நிறுத்தப்பட்டதை மறக்கக்கூடாது.

இவ்வளவையும் படித்த பின்பு, “அந்த அம்மம்மாவைப் பாக்கவேணும்” என்றாள் பேத்தி. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் போனோம். ஆசாரியாரின் மகளுக்கு இப்போது 75 வயது. நாம் போனபோது கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளி வாழைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கை ஆடவில்லை. தேநீரும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். பேத்தி தான் படித்ததையெல்லாம் ஆவலோடு சொன்னாள்.

“அந்த எலியளுக்கு நோகாதே பிள்ளை?”

“மயக்கிப்போட்டுத்தான் செய்வினம் அம்மம்மா. தெரியாது.”

“மயக்கம் தெளிஞ்ச பிறகு?”

பேத்தி எம்மைப் பார்த்தாள். பின்பு அவளே மெதுவாகச் சொன்னாள்: கண்ணாடி உருளைக்குள் எலியை விட்டு, எழுந்து நிற்கும்போது எந்தக் கையைச் சுவரில் ஊன்றுகிறது என்று எண்ணுவார்கள், பழுதான கையை அது ஊன்றாது, முடிவில் அதைக் கொன்று மூளையைச் சீவிப் பார்ப்பார்கள். கிழவியார் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பாவும் உப்பிடித்தான். உளியை மற்றக் கைக்கு மாத்தி மாத்திப் பாத்தவர்” என்றார்.

நாம் சொல்ல வந்ததை அப்போது சொன்னோம். 1973, தரகர், எமது இழுவை, எல்லாவற்றையும். அவர் தேநீர்க் குவளைகளை ஒன்றாக அடுக்கினார்.

“எனக்கு அப்பவே தெரியும் அண்ணை” என்றார். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போனவர், சிறிது நேரத்தால் ஒரு பேனையோடு திரும்பி வந்து பேத்தியின் அருகில் உட்கார்ந்தார்.

“மருமோன் கனடாவிலையிருந்து வெள்ளிக்கிழமையிலை போன் எடுப்பான். இப்ப விரல் ஆடத் தொடங்கிட்டுதாம். அந்த மருந்தின்ரை பேரை எழுதித் தா பிள்ளை. பெரிய எழுத்திலை எழுது.”

பேத்தி கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதத் தொடங்கினாள்.